சிறந்த பயிற்சியாளர் யார்? – அளவுகோல் பற்றியோர் ஆய்வு

முன்னுரை

பரிசு பெறுவது எளிது. பரிசுக்குரியவரைத் தேர்வது அரிது. ஓடியவருள் முதலில் வந்தவர் யார் என்பதைக் கண்ணே சொல்லிவிடும். ஆனால், பலர் பலவகைச் சூழல்களில் உழைத்திருக்க, அவருள் மேலாக உழைத்தவர் யார் என்பதைக் கண்ணால் மட்டும் கண்டு சொல்லிவிட இயலாது. அங்கே அளவுகோல் ஒன்று வேண்டும். அவ்வளவுகோல் நேரியதாகவும் இருத்தல் வேண்டும். நடுவுநிலைமைக்கென வள்ளுவப் பெருந்தகை தனியோர் அதிகாரமே வகுத்ததை நாம் அறிவோம். அந்நடுவுநிலைமை அறமன்றத்திற்கு மட்டுமன்று, ஆடுகளத்திற்கும் வேண்டப்படுவதே.

இங்கிலாந்து நாட்டுக் கால்பந்தாட்டத்தில் 2013–14ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில் புதுமையானதொரு நிகழ்ச்சி நடந்தது. ஆண்டின் சிறந்த பயிற்சியாளருக்கென இரு பெரும் விருதுகள் வழங்கப்பட்டன. அவை இருவேறு மனிதரைச் சென்றடைந்தன. அவ்விருவருள் ஒருவரும் அவ்வாண்டின் வாகைக் கோப்பையை வென்றவரல்லர். வென்றவர் மூன்றாமவர், அவருக்கோ இவ்விரு விருதுகளுள் ஒன்றும் கிட்டவில்லை. இம்மூவருள் விருதுக்கு உண்மையில் உரியவர் யார் என்பதை ஆராய்ந்து, அதன் வாயிலாகப் பிறர் உழைப்பை அளக்கும் முறை எது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் விருதும்

இங்கிலாந்தின் தலைமைத் தொடராகிய பிரீமியர் லீக் 1992இல் தொடங்கப்பெற்றது. இருபது கழகங்கள் இதில் ஆடுகின்றன. ஒவ்வொரு கழகமும் ஏனைய பத்தொன்பது கழகங்களோடும் தன் ஊரில் ஒருமுறை, எதிரணியின் ஊரில் ஒருமுறை என மொத்தம் 38 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு மூன்று புள்ளிகள்; சமநிலைக்கு ஒன்று. முதலிடம் பெறும் கழகம் வாகை சூடும். கடைசி மூன்று கழகங்கள் கீழ்நிலைத் தொடருக்கு இறக்கப்படும். இறக்கப்படும் கழகத்தின் வருவாய் பெரிதும் குறையும். தேர்ந்த ஆட்டக்காரர் பலர் விலகிச் செல்வர். எனவே முதலிடத்திற்காக நடக்கும் போராட்டத்தைக் காட்டிலும் கடைசி மூன்று இடங்களிலிருந்து தப்புவதற்காக நடக்கும் போராட்டம் சிறிதும் தாழ்ந்ததன்று.

அந்நாட்டில் அணியின் பயிற்சியாளரை மேலாளர் என்றே வழங்குவர். ஆட்டக்காரரைத் தெரிவு செய்தல், பயிற்றுதல், களத்தில் அணியை நிறுத்தும் முறையை வகுத்தல், தோல்வியில் துவண்டவரைத் தேற்றுதல் ஆகிய யாவும் அவர் பொறுப்பு.

இவருக்குரிய விருதுகள் இரண்டு. ஒன்று, தொடரை நடத்தும் அமைப்பின் சார்பில் 1993–94 முதல் வழங்கப்படும் பருவத்தின் சிறந்த மேலாளர் விருது. மற்றொன்று, மேலாளர்களின் சங்கம் தன் உறுப்பினர்தம் வாக்குகளைக் கொண்டு வழங்குவது. முன்னதை மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் அலெக்ஸ் ஃபெர்குசன் பதினொரு முறை பெற்றார். 2024–25 வரையிலான 32 பருவங்களைக் கணக்கிட்டுப் பார்த்தால், 27 முறை அவ்விருது வாகை சூடிய அணியின் மேலாளருக்கே சென்றுள்ளது. ஜார்ஜ் பர்லி (2000–01), ஹாரி ரெட்நாப் (2009–10), ஆலன் பார்டியூ (2011–12), டோனி பியூலிஸ் (2013–14), யூர்கன் குளோப் (2021–22) ஆகிய ஐவரே விலக்கு. வென்றவருக்கே விருது என்பது எழுதாச் சட்டம்போல் நிலவி வந்துள்ளது என்பது இதனால் பெறப்படும்.

மூவர் நிலை

முதலாமவர், மான்செஸ்டர் சிட்டி கழகத்தின் மானுவல் பெல்லெகிரினி. சிலி நாட்டவர். இங்கிலாந்தில் அவருக்கு அதுவே முதற்பருவம். 86 புள்ளிகளும் 102 கோல்களும் பெற்று அவரது அணி வாகை சூடியது. லீக் கோப்பையையும் வென்றது. ஐரோப்பாவிற்கு வெளியிலிருந்து வந்து பிரீமியர் லீக்கை வென்ற முதல் மேலாளர் அவரே.

இரண்டாமவர், லிவர்பூல் கழகத்தின் பிரெண்டன் ராட்ஜர்ஸ். முந்தைய பருவத்தில் 61 புள்ளிகளுடன் ஏழாம் இடத்தில் இருந்த அணியை அவர் 84 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்திற்கு உயர்த்தினார். அவ்வணி 101 கோல்களை அடித்தது. தொடர்ச்சியாகப் பதினொரு ஆட்டங்களை வென்றது. 1990க்குப்பின் வாகை காணாத அக்கழகத்தின் அன்பர்கள் கோப்பை கைக்கெட்டிவிட்டதென்றே நம்பினர். மேலாளர் சங்கத்தின் விருது இவருக்குக் கிடைத்தது.

மூன்றாமவர், இலண்டன் மாநகரின் தென்பகுதியைச் சார்ந்த கிறிஸ்டல் பேலஸ் கழகத்தின் டோனி பியூலிஸ். வேல்ஸ் நாட்டவர். அக்கழகம் 2013 மே மாதத்தில்தான் கீழ்நிலைத் தொடரிலிருந்து மேலேறி வந்திருந்தது. முதற் பன்னிரண்டு ஆட்டங்களில் அது பெற்றவை ஏழே புள்ளிகள். வாங்கிய கோல்கள் 21. பருவம் தொடங்கியபோது இருந்த மேலாளர் அக்டோபரிலேயே விலகிவிட்டார். அந்நிலையில், நவம்பர் இறுதியில் பொறுப்பேற்றார் பியூலிஸ். எஞ்சிய 26 ஆட்டங்களில் அணி பெற்ற புள்ளிகள் 38. அக்கழகம் 45 புள்ளிகளுடன் பதினொன்றாம் இடத்தில் பருவத்தை முடித்தது. தொடரமைப்பின் விருது இவரைச் சென்றடைந்தது.

அளவுகோல்கள் மூன்று

இம்மூவரையும் எக்கோல் கொண்டு அளப்பது? பொதுவாகச் சொல்லப்படும் கோல்கள் மூன்று.

முதலாவது, வெற்றி என்னும் கோல். வென்றவரே சிறந்தவர் என்பர் சிலர். இஃது எளிய கோல், ஐயத்திற்கு இடந்தராதது. ஆனால் வாகை சூடியவருக்குக் கோப்பை முன்பே கிடைத்துவிட்டது. விருதையும் அவருக்கே தருவதென்றால் விருது கோப்பையின் மறுபெயர் ஆகிவிடும். ஆராய்ந்து தேர்வதற்கென ஒரு குழுவும் வேண்டுவதில்லை. அன்றியும், 2008 முதல் பெருஞ்செல்வரின் உடைமையாக விளங்கும் மான்செஸ்டர் சிட்டியும், முதல்நாள் மேலேறி வந்த கிறிஸ்டல் பேலஸும் ஒரே தொடக்கக் கோட்டில் நின்று ஓடியவையல்ல. முந்தைய பருவத்திலேயே சிட்டி இரண்டாம் இடத்தில் இருந்தது. பெல்லெகிரினியின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது நம் கருத்தன்று. அவர் பெற்றிருந்த கருவிகளும் பெரியவை என்பதே நாம் சொல்ல வருவது.

இரண்டாவது, வளர்ச்சி என்னும் கோல். சென்ற ஆண்டினும் இவ்வாண்டு எவ்வளவு உயர்ந்தார் எனக் காண்பது. இக்கோலால் அளந்தால் 23 புள்ளிகள் கூடுதலாகப் பெற்ற ராட்ஜர்ஸ் ஒளிர்கிறார். அவர்தம் சாதனை பெரிதே. சக மேலாளர்களே அதனை ஒப்பினர் என்பது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் இரு செய்திகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முந்தைய ஆண்டு ஏழாம் இடம் பெற்றதால் லிவர்பூல் அவ்வாண்டு ஐரோப்பியப் போட்டிகளில் ஆடவில்லை. போட்டிக் கழகங்கள் வார நடுவில் களைத்தபோது அவ்வணிக்கு ஓய்வு வாய்த்தது. அடுத்து, அவ்வணியின் லூயிஸ் சுவாரெஸ் ஒருவரே 31 கோல்களை அடித்தார். வளர்ச்சியில் மேலாளரின் பங்கு எவ்வளவு, அரியதோர் ஆட்டக்காரரின் பங்கு எவ்வளவு எனப் பிரித்துக் காண்பது கடினம். மேலும், 101 கோல்கள் அடித்த அவ்வணி 50 கோல்களை வாங்கியும் இருந்தது. தற்காப்பைக் கட்டமைப்பதும் பயிற்சியாளரின் கடமையே அன்றோ?

மூன்றாவது, இரக்கம் என்னும் கோல். எளிய கழகம், பாவம், தப்பிவிட்டது. ஆகவே விருது தருவோம் என்பது. இதுவும் நேரிய கோலன்று. எளிமை தன்னளவிலே சிறப்பாகாது. எளியவர் என்பதற்காகத் தரப்படும் பரிசு பெறுபவரையும் பெருமைப்படுத்தாது.

வேண்டுவது யாது?

இம்மூன்றையும் ஒதுக்கியபின் எஞ்சுவது ஒரு வினா: 'இம்மனிதர் இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?' பெற்றுக்கொண்டதற்கும் திருப்பித் தந்ததற்கும் இடையில் உள்ள தொலைவை அளப்பதே பயிற்சியாளரை அளப்பதாகும். பெரும்பாலான பருவங்களில் இவ்வினாவிற்கு விடை கிட்டாது. ஏனெனில், ஓர் ஆண்டை இருமுறை ஆடிப் பார்க்க எவராலும் இயலாது.

ஆனால் 2013–14இல் கிறிஸ்டல் பேலஸ் கழகத்தில் அவ்விடை கிட்டியது. அதே கழகம், அதே பருவம், பெரும்பாலும் அதே ஆட்டக்காரர். ஒரே நிலத்தை அடுத்தடுத்து உழவர் சிலர் உழுததுபோல் அது அமைந்தது. முதற் பகுதியில் ஆட்டத்திற்குச் சராசரி 0.58 புள்ளி; பியூலிஸ் காலத்தில் 1.46 புள்ளி. முன்னைய வேகத்திலேயே சென்றிருந்தால் 38 ஆட்டங்களின் முடிவில் ஏறத்தாழ 22 புள்ளிகளே கிட்டியிருக்கும். அவ்வாண்டு கடைசி இடம் பெற்ற கார்டிஃப் சிட்டிக்கே 30 புள்ளிகள் இருந்தன! பின்னைய வேகம் பருவம் முழுவதும் நிலவியிருந்தால் ஏறத்தாழ 55 புள்ளிகள் கிட்டியிருக்கும். எட்டாம் இடம் பெற்ற சவுத்தாம்ப்டன் பெற்றவை 56. முதற் பன்னிரண்டு ஆட்டங்களில் 21 கோல்களை வாங்கிய அணி, அடுத்த இருபத்தாறு ஆட்டங்களில் வாங்கியவை 27 மட்டுமே. நெருங்கி நின்று காத்தல், ஒழுங்கு குலையாது நகர்தல் ஆகியவற்றை நாள்தோறும் பயிற்றியதன் விளைவு இது என்க.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றையும் நேர்மையோடு நோக்குவோம். 2014 சனவரியில் ஸ்காட் டான், ஜோ லெட்லி போன்ற புதிய ஆட்டக்காரர் வந்து சேர்ந்தனரே என வினவலாம். வந்தனர்; உதவினர். எனினும் அவர்கள் வருவதற்கு முன்னரே, டிசம்பர் முடிவதற்குள், பியூலிஸின் அணி ஏழு ஆட்டங்களில் ஒன்பது புள்ளிகளைப் பெற்றுவிட்டது. முதற் பகுதியில் வலிய எதிரணிகள் அமைந்தனவோ எனவும் ஐயுறலாம். பிற்பகுதியில்தான் அவ்வணி செல்சியையும் மான்செஸ்டர் சிட்டியையும் இரண்டிரண்டு முறை எதிர்கொண்டது. செல்சியை ஒருமுறை வென்றும் காட்டியது. மூன்றாவதாக, இடைக்காலப் பொறுப்பாளராக இருந்த கீத் மில்லன் தம் கடைசி இரு ஆட்டங்களில் நான்கு புள்ளிகளைப் பெற்றுத் தந்தார். திருப்பம் அவரிடமே தொடங்கிற்று என்பது உண்மை. அப்புகழில் அவருக்கும் பங்குண்டு. தொடங்கியதை இருபத்தாறு ஆட்டங்கள் தளராது கொண்டு சென்றவர் பியூலிஸ்.

இருவர் சந்தித்த களம்

விருது பெற்ற இருவரும் 2014 மே 5ஆம் நாள் நேருக்கு நேர் நின்றனர். களம், கிறிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க். வாகைக்கு வெற்றி இன்றியமையாத நிலையில் வந்த லிவர்பூல் மூன்று கோல்கள் அடித்து முன்னின்றது. கோல் வேறுபாட்டிலும் சிட்டியை எட்டிப் பிடிக்கவேண்டி மேலும் மேலும் தாக்கியது. தொடரில் நீடிப்பது முன்பே உறுதியாகிவிட்ட பேலஸுக்கு அன்று பெறவேண்டியது ஏதுமில்லை. எனினும் 79, 81, 88ஆம் நிமிடங்களில் அது மூன்று கோல்களை அடித்தது. ஆட்டம் 3–3 எனச் சமநிலையில் முடிந்தது. சுவாரெஸ் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஓர் ஆட்டத்தைக் கொண்டு ஓராண்டை அளத்தல் கூடாது. ஆயினும் ராட்ஜர்ஸ் அணியின் பெருமையும் குறையும் அன்று ஒருங்கே வெளிப்பட்டன. நவம்பரில் கடைநிலையில் கிடந்த அணி, தேவையற்றபோதும் போராடும் பழக்கத்தைப் பெற்றிருந்தது என்பதும் வெளிப்பட்டது. ஆகவே விருதுக்குரியவர் பியூலிஸே என்பது நம் முடிபு.

விருதும் மனிதரும்

இங்கே முடித்துவிட்டால் நாம் உண்மையில் பாதியை மறைத்தவராவோம். அடுத்த பருவம் தொடங்க இரு நாள்களே இருந்தபோது, 2014 ஆகஸ்டில், பியூலிஸ் அக்கழகத்தை விட்டு விலகினார். தமக்குச் சேரவேண்டிய ஊக்கத்தொகையை முன்கூட்டியே பெறுவதற்காக அவர் கழகத்திடம் உண்மைக்கு மாறானவற்றைக் கூறினார் என நடுவர் மன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. 37 இலட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட தொகையை அவர் செலுத்தவேண்டும் என்பது 2016இல் உயர் நீதிமன்றத்திலும் உறுதியாயிற்று.

இதனால் விருது பொய்த்ததா? இல்லை என்பதே நம் விடை. அவ்விருது 26 ஆட்டங்களின் உழைப்புக்குத் தரப்பட்டது, அவ்வுழைப்பு நிகழ்ந்ததே. அதே வேளையில், விருது பெற்றவர் என்பதற்காக அவர் செயலை மூடி மறைப்பதும் முறையன்று. தொழில்திறனுக்குத் தரும் பரிசை ஒழுக்கத்திற்குரிய நற்சான்றாகக் கொள்வது நம்மவரிடையே உள்ள பெரும்பிழை. இரண்டையும் தனித்தனியே நிறுக்கத் தெரிந்தவனே நடுவன்.

முடிவுரை

முடிபாக, நம் வகுப்பறையை ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். தொண்ணூறு மதிப்பெண்ணோடு வந்த மாணவனைத் தொண்ணூற்றைந்துக்கு உயர்த்திய ஆசிரியரைப் பாராட்டுகிறோம், அது தகும். பத்து மதிப்பெண்ணோடு வந்து, படிப்பையே விடுவதற்கிருந்த மாணவனை ஐம்பதுக்கு உயர்த்திய ஆசிரியரின் பெயர் எந்தப் பலகையிலும் எழுதப்படுவதில்லை. அவர் பெயரும் எழுதப்பட வேண்டுமாயின், எவ்வளவு உயரத்தில் நிற்கிறார் என்று மட்டும் கேளாமல், எங்கிருந்து ஏற்றினார் என்றும் நாம் கேட்கப் பழகுதல் வேண்டும். பரிசு வழங்கும் இடத்தில் அமரப்போகும் இளையோர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.