மதிற்கல்லும் ஏரிநீரும்

நுழையும்முன்

ஊர்விட்டு ஊர் செல்லும்போது கண்ணிற்படும் காட்சிகள் பல. அவற்றுள் நம் ஊரையே நினைவூட்டுவன சில. மந்தாரக்குப்பத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம்வரை நான்கு குடும்பத்தினர் மேற்கொண்ட ஒருநாள் பயணத்தை இக்கட்டுரை விவரிக்கிறது.

2006ஆம் ஆண்டு, காணும் பொங்கலன்று விடியற்காலையில் மந்தாரக்குப்பம் கடைத்தெருவிலிருந்து எங்கள் வேன் புறப்பட்டது. பன்னிரண்டு பேர் அமரக்கூடிய வண்டியில் பதினெட்டுப் பேர்! போதாக்குறைக்குப் புளிச்சோற்று அண்டாவும் ஓர் இருக்கையைப் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுப் பெரியவர் சன்னலோர இடத்தைக் கேட்டு வாங்கி அமர்ந்தார். அவர் பிறந்த சிற்றூர் இன்று இல்லை. 1956இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின்னர்ச் சுரங்கத்திற்காக எடுக்கப்பட்ட ஊர்களுள் அதுவும் ஒன்று. "தாத்தா, உங்கள் ஊரைக் காட்டுங்கள்" என்று பேரன் கேட்கும்போதெல்லாம் சுரங்கம் இருக்கும் திசையில் கையை நீட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

வடலூரில், வள்ளலார் 1867இல் நிறுவிய தருமச்சாலையின் அணையா அடுப்பைக் கண்டுவிட்டுத் தெற்கே திரும்பினோம். சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றைக் கடந்ததும் வீராணம் ஏரிக்கரை தொடங்கியது. வலப்புறம் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை நீர். இடப்புறம் தாழ்ந்த வயல்கள். முதற்பராந்தக சோழன் காலத்தில் உருவான ஏரி அது. கரையின் நடுவே வண்டியின் சக்கரம் பஞ்சராயிற்று. ஓட்டுநர் அதை மாற்றி முடிப்பதற்குள் அண்டா திறக்கப்பட்டு, நண்பகல் உணவு காலை ஒன்பது மணிக்கே தீர்ந்துபோயிற்று. அந்தச் சோற்றின் சுவை இன்றும் நாவில் நிற்கிறது.

"இவ்வளவு தண்ணீரும் எங்கிருந்து வருகிறது?" என்றான் பேரன். கொள்ளிடத்தின் குறுக்கேயுள்ள கீழணையில் தேங்கும் நீர், வடவாற்றின் வழியே இங்கு வந்து சேர்வதையும், 2004 முதல் சென்னைக்குக் குடிநீராகச் செல்வதையும் கூறினேன். ஆசிரியர்க்கு விடுமுறை நாளிலும் பாடம் ஓய்வதில்லை!

கங்கைகொண்ட சோழபுரத்தை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. இராசேந்திர சோழன் எடுப்பித்த கோயிலின் விமானம், தஞ்சை விமானத்தினும் உயரத்திற் குறைந்தது. எனினும் உள்நோக்கி வளைந்தேறும் அதன் நளினம் தஞ்சைக்கு இல்லை என்பது என் கருத்து. சிதைந்து நின்ற மதிலருகே, 1836இல் கீழணை கட்டுவதற்காக இக்கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்துச் செல்லப்பட்ட செய்தியைச் சொன்னேன்.

பேரன் சற்றே எண்ணிப் பார்த்தான். "அப்படியானால், காலையில் நாம் பார்த்த தண்ணீர் இந்தக் கல்லைத் தொட்டுவிட்டு வந்ததா ஐயா?"

ஆம் என்றேன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எஞ்சிய கல்லின்மீது கை வைத்தபடி நின்றார். "கல்லைக் கொடுத்ததற்குத் தண்ணீராவது கண்ணுக்குத் தெரிகிறது" என்று பின்னர் மெல்லச் சொன்னார்.

மாலையில் மாளிகைமேட்டிற்குச் சென்றோம். சோழர் அரண்மனை இருந்த அவ்விடத்தில், தொல்லியல் துறையின் அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் அடித்தளங்களே இப்போது உள்ளன. மற்றவர்கள் விரைவில் திரும்பிவிட்டனர். பெரியவர் மட்டும் வேலிக்கு வெளியே மண்ணில் குந்தி, குச்சியால் கோடிட்டுக்கொண்டிருந்தார். பேரன் அருகில் நின்றான்.

"இது திண்ணை. இது நடை. இங்கே முற்றம். பின்னால் கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு பலாமரம்."

"அரண்மனையிலா தாத்தா?"

"நம் வீட்டில்."

பேரன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அக்கோடுகளை மிதிக்காமல் முற்றத்தினுள் இறங்கி நின்றான். ஓட்டுநர் இருமுறை ஒலியெழுப்பிய பின்னரும் இருவரும் வரவில்லை, நாங்களும் அழைக்கவில்லை.