திரை மங்குகிறதா, கண் மங்குகிறதா?

கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரங்கள் ஆன ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். காலையில் மடிக்கணினியில் நாளிதழ் வாசிப்பது அவரது வழக்கம். இருண்ட படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெள்ளைப் பக்கத்திற்குத் திரும்பும்போது, எழுத்துகள் ஓரிரு நொடி மங்கிப் பிறகு மெல்லத் தெளிகின்றன. வெயிலை மேகம் மறைத்தால் திரையும் உடன் இருள்கிறது. “அறுவைச் சிகிச்சை செய்த கண் கெட்டுவிட்டதோ” என்ற அச்சத்தில் அவருக்கு இரவில் உறக்கம் வருவதில்லை. “கண்ணுக்கு ஒன்றுமில்லை அம்மா, கணினிதான் இப்படிச் செய்கிறது” என்கிறாள் மகள். இருவரில் யார் கூறுவது சரி?

இது சிறிய கேள்வி அன்று. திரையின் குறையைக் கண்ணின் குறை என்று எண்ணினால் வீண் கவலை மிஞ்சும். கண்ணின் குறையைத் திரையின் மீது சுமத்தினாலோ, சிகிச்சைக்குரிய நேரம் கைநழுவிப் போகும். ஆகவே இரண்டையும் பிரித்தறியும் முறையை இப்பாடத்தில் கற்போம்.

திரை தானாக மாறுவது ஏன்?

மடிக்கணினித் திரை தானாக மங்குவதற்கு மூன்று காரணங்கள் பொதுவானவை.

1. ஒளி உணரி: பல மடிக்கணினிகளில், பெரும்பாலும் கேமராவின் அருகே, சிறிய ஒளி உணரி ஒன்று உள்ளது. அறையின் வெளிச்சத்தை அது அளந்து, அதற்கேற்பத் திரையின் ஒளிர்வைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. மின்விசிறியின் நிழலோ, முன்னால் வந்து நிற்பவரின் நிழலோ பட்டாலும் திரை மாறக்கூடும்.

2. படத்திற்கேற்ற மாற்றம்: மின்கலத்தின் ஆற்றலைச் சேமிப்பதற்காக, திரையில் இருண்ட காட்சி தோன்றும்போது சில கணினிகள் பின்னொளியைக் குறைத்துவிடும். வெண்ணிறப் பக்கம் வந்ததும் அதை மெல்லக் கூட்டும். மேற்கூறிய தாய் கண்ட மாற்றத்திற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

3. மின்கலச் சேமிப்பு: சார்ஜரைக் கழற்றியதும், அல்லது மின்கலம் குறைந்ததும், ஒளிர்வு தாழும்.

கண்ணுக்கு இது தொல்லை தருவது ஏன்?

நம் கண்மணி வெளிச்சத்தில் சுருங்கி, இருளில் விரிகிறது. அதன் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் முதல் 8 மில்லிமீட்டர் வரை மாறக்கூடியது. சுருங்குவது விரைவாகவும், விரிவது சற்று மெதுவாகவும் நிகழும். திரை அடிக்கடி மாறினால், வாசிப்பவரின் கவனம் சிதறும். கண்ணும் மீண்டும் மீண்டும் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கும்.

முதுமையில் கண்மணி முன்போல் விரிவதில்லை. கண்ணின் வில்லையும் மஞ்சள் நிறம் பெறுவதால் விழித்திரையை அடையும் ஒளி குறைகிறது. எனவே இளையவருக்குப் போதுமான ஒளிர்வு, முதியவருக்குப் போதாமல் இருக்கலாம். கண் அழுத்த நோயோ விழித்திரை நோயோ உள்ளவர்களுக்கு, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு சிறிது குறைந்தாலும் வாசிப்பது கடினமாகும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஒளியின் திடீர் மாற்றம் துன்பத்தைக் கூட்டலாம்.

கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர்ச் சில நாள்களுக்கு ஒளி கூசுவது இயல்பு. மேலும், தொலைவுப் பார்வைக்கான வில்லை பொருத்தப்பட்டிருந்தால், வாசிப்புக் கண்ணாடி பெறும்வரை அருகிலுள்ள எழுத்து தெளிவற்றுத் தெரியும். இதனைத் திரையின் மங்கலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

வீட்டிலேயே செய்யும் எளிய சோதனை

முதல் படி: திரை மங்கும் அதே வேளையில், அருகில் வைத்துள்ள அச்சிட்ட தாளைப் பாருங்கள். தாள் தெளிவாக இருந்து திரை மட்டும் மங்கினால், காரணம் பெரும்பாலும் திரையே.

இரண்டாம் படி: உடனிருப்பவரையும் அதே திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கும் மங்கினால் அது திரையின் மாற்றம்.

மூன்றாம் படி: ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, மறு கண்ணால் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். அறுவைச் சிகிச்சை செய்த கண்ணைக் கையால் தொடவேண்டா. திரை மங்கினால் இரு கண்களுக்கும் மங்கும். ஒரு கண்ணில் மட்டும் புதிதாக மங்கல் தெரிந்தால் குறை திரையில் இல்லை, மருத்துவரை அணுகுங்கள்.

தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் முறை

விண்டோஸ் 11: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று வரிசையாகச் சென்று, பிரைட்னஸ் என்னும் பகுதியை விரியுங்கள். வெளிச்சத்திற்கேற்ப ஒளிர்வை மாற்றும் பெட்டியின் குறியை நீக்குங்கள். திரைக் காட்சிக்கேற்ப மாற்றும் தெரிவு இருந்தால் அதில் ‘ஆஃப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கணினிகளிலும் இவ்விரண்டும் இருப்பதில்லை. நிறுத்திய பிறகும் திரை மாறினால், இன்டெல் அல்லது ஏஎம்டி நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் செயலியிலும் இத்தகைய மின்சேமிப்பு வசதி இயங்கக்கூடும். கணினி அறிந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேக் கணினி: சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் பகுதிக்குச் சென்று தானியங்கி ஒளிர்வை நிறுத்துங்கள். பேட்டரி பகுதியின் ஆப்ஷன்ஸில், மின்கலத்தில் இயங்கும்போது திரையைச் சற்று மங்கச் செய்யும் தெரிவையும் நிறுத்தலாம்.

இவ்வாறு நிறுத்தினால் மின்கலம் சற்று விரைவில் தீரும். பகலுக்கும் இரவுக்கும் ஏற்ப ஒளிர்வை நீங்களே மாற்ற வேண்டும். தானியங்கி மாற்றம் உங்களுக்குத் தொல்லை தரவில்லை என்றால் அதனை அப்படியே விட்டுவிடலாம்.

தக்க ஒளிர்வு எது?

வெள்ளைத் தாள் ஒன்றைத் திரையின் அருகே பிடியுங்கள். திரையின் வெண்மை விளக்கைப் போல ஒளி வீசினால் ஒளிர்வு மிகுதி. சாம்பல் நிறமாகத் தோன்றினால் குறைவு. தாளின் வெண்மையோடு ஒத்திருப்பதே தக்க அளவு. இருட்டறையில் திரையை மட்டும் பார்க்காமல், அறை விளக்கு ஒன்றையும் எரிய விடுங்கள். சன்னல் உங்களுக்கு நேர் முன்னாலோ நேர் பின்னாலோ இல்லாமல், பக்கவாட்டில் இருப்பது நலம். 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள பொருளை 20 நொடிகள் பாருங்கள். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைவதால் கண் உலர்கிறது. அடிக்கடி இமைக்கப் பழகுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு சொல்: புண்ணின் சிவப்பையோ கண்ணின் மஞ்சள் நிறத்தையோ திரையில் கண்ட படத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யாதீர்கள். ஒளிர்வும் இரவு நேர நிறமாற்ற வசதியும் தோற்றத்தை மாற்றிவிடும். பகல் வெளிச்சத்தில் நேரில் பார்த்து மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும், வீட்டுச் சோதனையில் நேரத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

• ஒரு கண்ணிலோ இரு கண்களிலோ பார்வை திடீரென மறைதல். சில நிமிடங்களில் தானே திரும்பிவிட்டாலும் இதனைப் புறக்கணிக்கக் கூடாது. பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.
• முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல்.
• மின்னல் போன்ற ஒளிக்கீற்று, புதிதாகப் பல கரும்புள்ளிகள், பார்வையின் ஓரத்தில் திரைச்சீலை விழுந்தது போன்ற நிழல்.
• கடுமையான கண்வலியோடு தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம்.
• அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர் வலியும் சிவப்பும் கூடுதல், பார்வை குறைதல்.
• நேர்க்கோடுகள் வளைந்து தெரிதல்.

கற்றதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

1. திரையும் அச்சிட்ட தாளும் ஒருங்கே மங்கினால் குறை எங்கே? (கண்ணில் இருக்கலாம், மருத்துவரைக் காணவும்.)
2. இருண்ட படத்திற்குப் பிறகு வெள்ளைப் பக்கம் மட்டும் மெல்லத் தெளிந்தால்? (திரையின் மின்சேமிப்பு வசதியைப் பார்க்கவும்.)
3. பார்வை மறைந்து ஐந்து நிமிடங்களில் திரும்பினால்? (அன்றே, உடனே வரவும்.)

அந்தத் தாய் அச்சிட்ட தாளை எடுத்துப் பார்த்திருந்தால், அன்றிரவே நிம்மதியாக உறங்கியிருப்பார். தாளும் மங்கலாகத் தெரிந்திருந்தால், மகள் அவரை மறுநாள் வரை காத்திருக்க விடாமல் அழைத்து வந்திருப்பாள். ஐயம் தீராதபோது மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் வந்து கேளுங்கள். கேட்டுவிட்டு “ஒன்றுமில்லை” என்ற விடையோடு திரும்பிச் செல்வது நேர விரயம் ஆகாது.