அடுக்களையை மாற்றும் முன்

வீட்டில் மிகுதியாகப் புழங்கும் அறை அடுக்களை. வீட்டின் வரைபடம் போடும்போது கடைசியாக நினைக்கப்படுவதும் பெரும்பாலும் அதுவே. அதனால், குடிபுகுந்து சில ஆண்டுகள் கழிந்ததும் அதனைப் புதுப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. உடனே கடைக்குச் சென்று, காட்சிக்கு வைத்திருக்கும் மாடுலர் அடுக்களையைப் பார்த்து மயங்குகிறோம். அங்கே காற்று இல்லை, புகை இல்லை, சமைப்பவரும் இல்லை. நம் வீட்டில் இம்மூன்றும் உண்டு. ஆகவே திட்டத்தை அங்கிருந்து தொடங்காமல், நம் வீட்டில் அடுப்பின் முன் நிற்பவரிடமிருந்து தொடங்குவதே முறை.

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் உள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளையும், இடுக்கி மலையில் உள்ள குமுளி, உடும்பஞ்சோலை, மூணாறு, மறையூர்ப் பகுதிகளையும் கண்முன் கொண்டு இப்பாடத்தைப் பயில்வோம். இரண்டும் தமிழகத்தை ஒட்டிய கேரள நிலங்களே. ஆயினும் ஒன்றுக்கு ஏற்ற அடுக்களை மற்றொன்றுக்கு ஏற்காது.

முதற்படி: நிற்பவரை அளத்தல்

1926-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் ஓர் அடுக்களையை வடிவமைத்தார். அதன் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சமைப்பவர் வீணாக நடக்கும் நடையைக் குறைப்பதே அவருடைய நோக்கம். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. இடம் சிறிதாக இருப்பது குறையன்று, பொருள்கள் இடம் மாறி இருப்பதே குறை என்பதை அது உலகுக்குக் காட்டியது.

நாமும் ஒரு நாள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அமர்வோம். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றையும் மூன்று புள்ளிகளாகக் குறித்து, அவற்றைக் கோடுகளால் இணைப்போம். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மிகாமலும், மூன்றும் சேர்ந்து 26 அடிக்குள்ளும் அமைவது நலம். நம் வீட்டில் அது எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்வோம்.

அடுத்தது மேடையின் உயரம். சமைப்பவர் நிமிர்ந்து நின்று கையை மடக்கும்போது முழங்கை இருக்கும் உயரத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் தாழ்வாக மேடை இருக்க வேண்டும். 5 அடி உயரமுள்ள ஒருவருக்கு இது 32 முதல் 34 அங்குலம் வரை வரும். ஆனால் அடுப்பும் அதன்மேல் பாத்திரமும் ஏறியபின் கிளறும் உயரம் கூடிவிடுகிறது. ஆகவே அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் சற்றுத் தாழ்த்திக் கட்டினால் தோள்வலி குறையும். வீட்டில் பாட்டி தரையில் அமர்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குபவராயின், அவருக்கான தரையிடத்தையும் வரைபடத்தில் குறிக்க மறத்தலாகாது. அலமாரி வந்தது, பாட்டியின் இடம் போயிற்று என்றாகிவிடக் கூடாது.

இரண்டாம் படி: காற்றும் புகையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று வலுத்து வீசும். எனவே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீட்டில் அடுப்புக்கு நேராகக் கிழக்கில் ஜன்னல் வைத்தால், பனிக்காலத்தில் சுடர் அலைபாய்ந்து எரிவாயு வீணாகும். கிழக்கு நோக்கி நின்று சமைக்கும் வழக்கத்தை இதற்காகக் கைவிட வேண்டியதில்லை. ஜன்னலை அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி அமைத்தால் போதும். புகையை வெளியேற்றும் விசிறியை வடக்கு அல்லது தெற்குச் சுவரில் பொருத்தினால் எதிர்க்காற்றின் தொல்லை குறையும். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தொடும் ஊர்களில், சுவரின் மேற்பகுதியில் துளைச்செங்கல் வரிசை ஒன்று விட்டால் சூடான காற்று தானே வெளியேறும்.

இடுக்கியில் நிலை வேறு. குளிருக்காகக் கதவும் ஜன்னலும் அடைபட்டிருக்க, வெந்நீருக்கும் நெடுநேர வேக்காட்டுக்கும் விறகு எரிகிறது. விறகு முதலானவற்றை வீட்டுக்குள் எரிப்பதால் எழும் புகை காரணமாக, 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆகவே மலைவீட்டில் முதற்செலவு அலமாரிக்கன்று, புகைபோக்கிக்கே. கேரள வீடுகளில் ஒர்க் ஏரியா எனப்படும் பின்கட்டுக்கு விறகடுப்பை மாற்றுவதும், புகைபோக்கியைக் கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியாவது உயர்த்துவதும், அடுப்பின் கீழ்மட்டத்தில் வெளிக்காற்று நுழைய வழி விடுவதும் இன்றியமையாதவை. உள்ளே வரும் காற்றுக்கு வழியில்லாவிடில் வெளியே போகும் புகைக்கும் வழியில்லை.

மூன்றாம் படி: ஈரமும் பொருளும்

மூணாற்றின் மழையில் துகள்பலகை அலமாரிகள் ஊதிப் பிளக்கும். அங்கே தொட்டியின் கீழ்ப்பகுதிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கப்பல்தர ஒட்டுப்பலகை, துருப்பிடிக்காத எஃகு அல்லது சிமெண்ட் பலகையே ஏற்றது. மழைமறைவுப் பகுதியான மறையூரில் இவ்வளவு அச்சம் இல்லை. ஒரே மாவட்டத்திலும் தேவை மாறுவதால், அண்டை வீட்டில் பத்தாண்டு தாங்கிய பொருள் எது என்று கேட்டறிவது விளம்பரத்தை விட நல்ல வழிகாட்டி.

நான்காம் படி: எரிவாயுவும் மின்சாரமும்

சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே 14.2 கிலோ உருளையை நிமிர்த்தி, தரைமட்டத்துக்குத் தாழாத இடத்தில், அடுப்பின் மட்டத்துக்குக் கீழே வைக்க வேண்டும். மூடிய அலமாரிக்குள் வைப்பதாயின், அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் தேவை. ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவை உணர்ந்தால் எந்த மின்விசையையும் தொடாமல் ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்கலாம்.

2,000 வாட் மின்தூண்டல் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கும். 6 ஆம்பியர் செருகியில் அதனை மாட்டுதல் தகாது. 16 ஆம்பியர் இணைப்பும் தனிக்கம்பியும் வேண்டும். ஈரக்கை படும் அறையாதலால் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பானும் தேவை. சுவர் பூசியபின் இவற்றைச் செய்தால் செலவு இரட்டிக்கும்.

ஐந்தாம் படி: பணத்தை அளத்தல்

வேலைகளை இரண்டு பட்டியலாகப் பிரிப்போம். சுவருக்குள் போகும் குழாய், கம்பி, புகைபோக்கி, மேடை ஆகியன முதற்பட்டியல். பின்னர் எப்போது வேண்டுமாயினும் மாட்டக்கூடிய அலமாரிக் கதவு, அலங்கார விளக்கு ஆகியன இரண்டாம் பட்டியல். மொத்த மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்குவோம்.

இப்போது ஒரு கணக்கு. ஆண்டு வட்டி 10 விழுக்காடு எனக் கொள்வோம். இரு பட்டியலுக்கும் சேர்த்து 3 லட்சம் ரூபாய் கடனை 60 மாதங்களில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 6,374 ரூபாய். மொத்த வட்டி 82,400 ரூபாய். முதற்பட்டியலுக்கு மட்டும் 2 லட்சம் பெற்று 36 மாதங்களில் அடைத்தால் தவணை 6,453 ரூபாய். மொத்த வட்டி 32,300 ரூபாய். மாதச் சுமை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கடன் இரண்டாண்டு முன்னதாகத் தீர்கிறது; மிஞ்சும் வட்டி 50,000 ரூபாய். அலமாரிக் கதவை நான்காம் ஆண்டில் கைப்பணத்திலேயே மாட்டிக்கொள்ளலாம்.

வீட்டுப் புதுப்பிப்புக் கடனுக்கு வரும்போது ஆதாரம், நிலவரி ரசீது, கைவசச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, வேலை மதிப்பீடு ஆகியவற்றை உடன் கொண்டுவருதல் நன்று. மலைப்பகுதியில் பட்டாவின் நிபந்தனைகளையும் முன்னரே படித்துக்கொள்வோம்.

தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் வாடிக்கையாளர்களுக்குத் தனியே ஒரு சொல். வீடு நிர்வாகத்துடையது, பணி முடிந்தால் விட்டுச் செல்ல வேண்டியது. அந்தச் சுவரில் ஆயுட்காலச் சேமிப்பைப் பூசிவிட வேண்டாம். புகைபோக்கி முதலான பழுதுகளை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். நம் பணத்தை, கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய எஃகு மேசை, அலமாரி, நல்ல அடுப்பு ஆகியவற்றில் மட்டும் இடுவோம். எஞ்சியது சொந்த வீட்டுக்கான வைப்புத் தொகையாக வளரட்டும்.

பயிற்சி

இந்த வாரம் ஒரு நாள், வீட்டில் வழக்கமாகச் சமைக்காதவர் மூன்று வேளையும் சமைக்கட்டும். எங்கே குனிந்தார், எங்கே இருமினார், எத்தனை முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தார் என்று அவரே எழுதட்டும். அந்தத் தாள்தான் நம் புதிய அடுக்களையின் முதல் வரைபடம். கொத்தனாரை அழைப்பது அதன் பிறகு; வங்கிக்கு வருவது அதற்கும் பிறகு.