பிரயாணச் செலவு: புறப்பட முன்னர் கேளுங்கள்

கொழும்பிலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அன்றிரவே தாயின் மனதில் வேறொரு கணக்குத் தொடங்கிவிடும். பஸ்ஸுக்கு எவ்வளவு? தங்குவது எங்கே? யாரிடம் காசு மாறுவது?

1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். அவர்களுடைய செம்மண் தோட்டம் முட்கம்பிக்கு அப்பால் நின்றுவிட்டது. தகப்பன் பிறர் தோட்டத்தில் கூலி வேலை செய்தார். மூத்த மகளுக்குக் கொழும்பில் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தபோது தாய் தன் சங்கிலியை அடைவு வைத்தார். மகள் போய்த் தோற்றினாள், வேலை கிடைக்கவில்லை. அங்கே வந்த இன்னொரு பிள்ளை படிவம் நிரப்பிச் செலவுக் காசு பெற்றதைப் பின்னர்தான் அறிந்தாள். கேட்டால் வேலை தரமாட்டார்களோ என்ற பயத்தில் இவள் வாய் திறக்கவில்லை. பற்றுச்சீட்டுகளையும் எறிந்துவிட்டாள். சங்கிலியை மீட்க ஒரு வெங்காயப் போகம் சென்றது.

சந்தைக்கு வெங்காயம் ஏற்றும்போது லொறிக் கூலியை முதலே பேசித்தானே ஏற்றுகிறோம்? இதுவும் அப்படித்தான். கேட்பது பிச்சை அல்ல.

நமது தூரம்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 1990இல் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின், கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்து பரீட்சைக்குப் போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1996இன் பின் கப்பலில் திருகோணமலைக்குப் போனார்கள். ஏ9 பாதை 2002இல் திறந்து, 2006 ஓகஸ்ற்றில் மூடப்பட்டு, 2009இல் மீண்டும் திறந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. பாதை இன்று திறந்திருக்கிறது. செலவு மட்டும் குறையவில்லை. கொழும்புப் பிள்ளை காலையில் போய் மத்தியானம் வீடு திரும்பும் பரீட்சைக்கு, நமது பிள்ளை இரண்டு இரவுகள் பஸ்ஸில் இருக்க வேண்டும்.

யார் தருவார்கள்?

அரச பதவியாயின் வர்த்தமானி அறிவித்தலையும் அழைப்புக் கடிதத்தையும் கடைசி வரி வரை வாசியுங்கள். செலவு தரப்படும் என்று எழுதியிராவிட்டால், கிடைக்காது என்றே எண்ணித் திட்டமிடுங்கள். தொண்டர் நிறுவனங்களும் பெரிய கம்பனிகளும் சில வேளைகளில் தருவார்கள். ஆனால் கேட்டவருக்கே தருவார்கள். முன்னரே உடன்பட்டதையே தருவார்கள்.

வேறு நாடுகளில் இது புதுமையல்ல. இந்தியாவில் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம், குடிமைப் பணி நேர்முகத்துக்கு டில்லி வருவோருக்கு இரண்டாம் வகுப்பு ரயில் கட்டண அளவில் செலவு கொடுக்கிறது. ஜேர்மனியில் சிவில் சட்டக் கோவையின் 670ஆம் பிரிவின்படி, செலவை ஏற்கமாட்டோம் என்று முன்கூட்டியே அறிவிக்காத முதலாளி, தான் அழைத்தவரின் நியாயமான பிரயாணச் செலவைக் கொடுக்க வேண்டும். நமது நாட்டில் அந்தச் சட்டம் பொருந்தாது. ஆயினும் கேட்பதில் வெட்கமில்லை என்பதை இவை காட்டுகின்றன.

புறப்பட முன்னர்

அழைப்புக் கிடைத்த கையோடு எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால், பதில் சொன்னவரின் பெயரையும் திகதியையும் குறித்து வையுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

“ஐயா/அம்மணி, நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தமைக்கு நன்றி. குறித்த திகதியில் சமுகமளிப்பேன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருப்பதால், பிரயாணச் செலவு வழங்கப்படுமா, எவ்வளவு வரை, எந்தப் பற்றுச்சீட்டுகள் தேவை என்பதை அறியத் தருமாறு வேண்டுகிறேன். யாழ்ப்பாணத்திலோ தொலைபேசி மூலமோ தோற்ற வாய்ப்பிருப்பின் அதையும் அறியத் தரவும்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். போகாமலே தோற்ற முடிந்தால் முழுச் செலவும் மிச்சம்.

வழியில்

பஸ் ரிக்கற், ஆசனப் பதிவுச் சீட்டு, தங்கிய இடத்தின் பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் ஒரே கடித உறையில் போடுங்கள். புகையிரதத்தில் போனால் ஒன்றைக் கவனியுங்கள்: நிலையத்தை விட்டு வெளியேறும் வாயிலில் ரிக்கற்றை வாங்கிவிடுவார்கள். அதனால் ஏறியவுடன் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். ஓட்டோவுக்குச் சீட்டு இல்லாவிட்டால் திகதி, இடம், தொகையை அன்றே கொப்பியில் எழுதுங்கள். வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கினால் தங்குசெலவு கேட்காதீர்கள். செலவழிக்காத காசைக் கேட்டால் உண்மையில் செலவழித்ததையும் நம்பமாட்டார்கள்.

திரும்பிய பின்

ஒரு வாரத்துக்குள் செலவு விபரத்தை ஒரு தாளில் எழுதி, பற்றுச்சீட்டுகளின் பிரதிகள், அழைப்புக் கடிதத்தின் பிரதி, வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றுடன் அனுப்புங்கள். மூலச் சீட்டுகளைக் கேட்டால் பிரதி எடுத்து வைத்த பின்னரே கொடுங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் அனுப்புங்கள். உடன்பட்ட செலவு, போய்த் தோற்றியதற்காகத் தரப்படுவது; தெரிவானதற்காக அல்ல.

ஓர் எச்சரிக்கை

நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றவே காசு கட்டச் சொல்பவரிடம் போகாதீர்கள். வெளிநாட்டு வேலையாயின், அந்த முகவரிடம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் உண்டா என்று பணியகத்திடமே விசாரியுங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது அந்தப் பணியகம். அடைவு வைத்த சங்கிலியை மீட்கலாம். ஏமாற்றுக்காரரிடம் போன காசு திரும்புவது அரிது.

குழுவாகப் பேசுவோம்

1. நமது ஊரில் கடந்த ஆண்டு யார் யார் கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனார்கள்? எத்தனை பேர் செலவு கேட்டார்கள்?
2. ஒரே நாளில் இருவர் போவதாயின் எந்தச் செலவைப் பகிரலாம்?
3. சங்கத்தில் ஒரு சிறு சுழற்சி நிதி வைத்து, போகும் பிள்ளைக்கு வட்டியின்றிக் கொடுத்து, செலவுக் காசு வந்ததும் திரும்பப் பெற முடியுமா? செலவு தராத இடமாயின் எத்தனை தவணையில் திரும்பப் பெறுவது?

மூன்றாவது கேள்விக்கு விடை காணாமல் கூட்டத்தைக் கலைக்க வேண்டாம். அடுத்த அழைப்புக் கடிதம் யார் வீட்டுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது.