சர்வகலாசாலைச் சித்திரசாலையும் அதன் காட்சிகளும்

கலாசாலைக்கு நூல்நிலையம் வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. இரசாயன சோதனைச்சாலை வேண்டும் என்பதையும் மறுப்பதில்லை. சித்திரசாலை எதற்கு என்று வினவுவோர் மட்டும் நம்மிற் பலர் உளர். மேனாட்டுச் சர்வகலாசாலைகள் சிலவற்றில், சித்திரசாலை வாயிலில் இனி வரவிருக்கும் காட்சிகளின் அறிவிப்பு ஒன்று காணப்படும். அதனை நாடக விளம்பரம் போல் நோக்கிச் செல்வாரும் உண்டு. யாமோ அதனைப் பாட அட்டவணைகளுள் ஒன்றாகவே கருதுகின்றோம். அதன் காரணத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கனெக்டிகட் மாகாணத்து நியூ ஹேவன் நகரில் விளங்குவது யேல் சர்வகலாசாலை. அதன் சித்திரசாலை 1832-ஆம் ஆண்டில் தோன்றியது. சுதந்திரப் போரிலே ஜார்ஜ் வாஷிங்டனின் உதவி அலுவலராயிருந்த ஜான் ட்ரம்புல் என்னும் ஓவியர், தமது முதுமையில், நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்களை அக்கலாசாலைக்கு அளித்து, ஆண்டுதோறும் ஆயிரம் டாலர் உதவித்தொகை பெறலாயினர். தம் ஓவியங்களின் கீழேயே தம்மை அடக்கம் செய்தல் வேண்டும் என்பதும் அவர் விருப்பம். ஓவியங்கள் வேறு கட்டடத்துக்குச் சென்றபோது அவர் உடலும் உடன் சென்றது. மக்களை விட்டுப் பிரிய மனமில்லாத தந்தை போலும்!

ஆயினும் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது பின்னர் நிகழ்ந்த செய்தியே. ஜேம்ஸ் ஜாக்ஸன் ஜார்வெஸ் என்பவர் இத்தாலி நாட்டுப் பிளாரென்ஸ் நகரில் வாழ்ந்து, பலகைமேல் தீட்டப்பெற்ற பழஞ்சித்திரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அக்காலத்து அமெரிக்கர் அவற்றை மதித்திலர். பொற்றகட்டுப் பின்னணியும் விறைத்து நிற்கும் உருவங்களும் அவர்தம் கண்ணுக்கு இனிக்கவில்லை. பாஸ்டன், நியூயார்க் நகரத்தார் அத்தொகுதியை ஏற்றிலர். கடன்பட்ட ஜார்வெஸ், 119 சித்திரங்களை யேலில் ஈடுவைத்து, மூன்றாண்டுத் தவணையில் 20,000 டாலர் பெற்றார். தவணை கழிந்தது, கடன் தீர்ந்தபாடில்லை. 1871-ஆம் ஆண்டில் ஏலம் கூறினர். கேட்பார் பிறர் ஒருவருமின்மையால் சர்வகலாசாலையே 22,000 டாலருக்கு எடுத்துக்கொண்டது. இன்று அத்தொகைக்கு அவற்றுள் ஒன்றன் மூலையேனும் கிடைக்குமோ என்பது ஐயம்.

பொருளைப் பெறுதல் ஒன்று, காத்தல் மற்றொன்று. 1950-க்குப் பிந்திய இருபதாண்டுகளில், யேலில் இச்சித்திரங்களைச் செப்பனிட்டோர், மூல ஓவியன் கைபட்டதன்றி வேறெதுவும் இருத்தலாகாது எனக் கொண்டு, பிற்காலத்தார் பூசிய வர்ணங்களையெல்லாம் களைந்தனர். உண்மையை நாடிய செயலே அது. ஆனால் பலவற்றில் புண் வெளிப்பட்டதேயன்றி அழகு வெளிப்படவில்லை. சிதைந்த இடங்களில் வெறும் மரமும் வெண்பூச்சும் தெரிந்தன. பின்வந்தோர் இதற்கு வருந்தி, கலிபோர்னியாவிலுள்ள கெட்டி அரும்பொருளகத்தாரின் துணையோடு சிலவற்றை மீண்டும் சீர்திருத்தினர். இக்காலத்துச் செப்பனிடுவோர், வேண்டியபோது நீக்கிவிடத்தக்க வர்ணத்தையே தடவுவர். தம் கையும் தவறக்கூடும் என்ற நினைவு அவ்வழக்கத்தில் அடங்கியிருக்கின்றது. இதனை எந்தப் பாடநூலும் இத்துணைத் தெளிவாக நமக்குக் கற்பிக்குமோ?

இனி, காட்சிகள் ஏன் மாறி மாறி வருகின்றன? புதுமை வேட்கை மட்டும் காரணமன்று. காகிதத்தின்மேல் தீட்டிய நீர்வர்ணச் சித்திரங்களும் அச்சுப்படங்களும் ஒளியினால் மங்கும், மங்கியது மீளாது. ஆதலின் அவற்றை ஐம்பது லக்ஸ் என்னும் குறைந்த ஒளியிற் சில மாதங்கள் காட்டிப் பின் நெடுங்காலம் இருளில் வைப்பர். எடின்பரோ நகரத்துத் தேசியச் சித்திரசாலைக்கு டர்னரின் நீர்வர்ணச் சித்திரங்கள் முப்பத்தெட்டினை 1900-ஆம் ஆண்டில் உரிமையாக்கிய ஹென்றி வாகன் என்பவர், வெயில் மெலிந்த ஜனவரி மாதத்தில் மட்டுமே அவற்றைக் காட்டவேண்டுமென விதித்தார். சர்வகலாசாலைச் சித்திரசாலைக்கோ மற்றொரு வசதியுண்டு. சுவரில் இல்லாத படத்தையும் மாணாக்கன் முன்னரே கேட்டுக்கொண்டால், படிப்பறையில் மேசைமேல் வைத்துக் காட்டுவர்.

யேல் சித்திரசாலைக்கு நுழைவுக் கட்டணமில்லை. அங்குச் செல்லும் பேறு வாய்க்கும் மாணாக்கர், ஜார்வெஸ் தொகுதியிலுள்ள பொல்லாயுவோலோவின் சித்திரத்தின்முன் சற்றே நிற்பாராக. ஆற்றைக் கடந்து தன் மனைவி தெயானிராவைக் கவர்ந்து செல்லும் குதிரைமனிதன்மேல் ஹெர்குலிஸ் வில் வளைக்கின்றான். கிரேக்கக் கதைதான்; ஆனால் பின்னே விரிவதோ ஓவியன் நாள்தோறும் கண்ட ஆர்னோ ஆற்றுவெளியும் பிளாரென்ஸ் நகரமுமாம். பலகையினின்று பெயர்த்துத் துணிமேல் ஏற்றப்பட்ட படம் அது. பெயர்விளக்கச் சீட்டைப் படிக்குமுன், பத்தடி விலகி நின்று அந்த ஆற்றைப் பார்க்க. பின்பு அண்மையிற் சென்று, வர்ணம் தேய்ந்த இடங்களையும் பார்க்க.