குழல் மாற்றும் வேட்டைத் துப்பாக்கி: பொருத்துதலும் சரிபார்த்தலும்

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தோட்டாவைக் கையால் இட்டுச் சுட வேண்டிய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி, அமெரிக்க மான் வேட்டைக்காரர்களிடையே இன்றளவும் மதிப்பிழக்காமல் இருப்பதற்குக் குழலை மாற்றிக்கொள்ளும் வசதியே பெருங்காரணமாகும். வாரன் சென்டர் வடிவமைத்து 1967-இல் வெளிவந்த 'கன்டெண்டர்' கைத்துப்பாக்கியும், அதன் வழியில் 1998-இல் வந்த, மிகுந்த அழுத்தம் தாங்கும் 'என்கோர்' துப்பாக்கியும் இவ்வகையில் பெயர் பெற்றவை; இரண்டையும் தயாரித்தது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ராச்செஸ்டரில் இயங்கிய தாம்சன் சென்டர் நிறுவனம். விசையும் சுத்தியலும் அடங்கிய நடுப்பகுதியான சட்டகம் ஒன்றே இருக்க, பருவத்துக்கும் மாநிலச் சட்டத்துக்கும் ஏற்பக் குழல் மட்டும் மாறுகிறது. ஒகையோ போன்ற மாநிலத்தில் 2014-க்கு முன் மான் வேட்டைக்குத் தோட்டா இடும் ரைபிள் அனுமதிக்கப்படாததும், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குப் பல மாநிலங்களில் தனிப் பருவம் ஒதுக்கப்படுவதும் இத்தேவையை வளர்த்தன.

குழலைக் கழற்றுமுன் துப்பாக்கியை மடித்துத் திறந்து, தோட்டா அமரும் அறை காலியாக இருப்பதைக் கண்ணால் மட்டுமன்றி விரல் நுனியாலும் உறுதிசெய்தல் வேண்டும். பின்னர் குழலின் அடியிலுள்ள முன்கட்டையின் திருகுகளைக் கழற்றினால், குழலையும் சட்டகத்தையும் இணைக்கும் கீல் ஆணி வெளிப்படும். குழலின் எடை ஆணியின்மேல் விழாதவாறு ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பித்தளைக் கோலால் தள்ளினால் அது எளிதில் நழுவி வரும். எஃகுக் கோல் ஆணியின் தலையையும் சட்டகத்தின் மெருகையும் கெடுத்துவிடும். புதிய குழலைப் பொருத்தும்போது துளைகள் நேர்ப்பட்டிருந்தால் கட்டைவிரல் அழுத்தமோ இலேசான ஒரு தட்டலோ போதும். அதற்கு மேல் வலு தேவைப்பட்டால் குழல் கோணியிருக்கிறது என்றறிந்து நிறுத்துவதே முறை. ஆணியின்மேல் மெல்லிய மசகுப் பூச்சு இருந்தால் தேய்மானம் குறையும். கன்டெண்டரின் குழல் என்கோருக்குப் பொருந்தாது. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் நிறுவனத்தின் மடிப்புத் துப்பாக்கிகளுக்கோ, கூடுதல் குழல் வேண்டுவோர் சட்டகத்தையே தொழிற்சாலைக்கு அனுப்பிப் பொருத்திப் பெறவேண்டியிருந்தது. ஆகவே, எக்குழலும் எச்சட்டகத்திலும் சேரும் என்று கொள்வது ஆபத்தானது.

பொருத்தியபின் துப்பாக்கியை மூடி, குழலின் அடியிலுள்ள பூட்டு நாக்குகள் சட்டகத்தில் முழுமையாகப் பதிந்துள்ளனவா என்று பார்க்கவேண்டும். பழைய கன்டெண்டரில் ஏற்றிய சுத்தியலைச் சுடாமல் இறக்கிவிட்டால், துப்பாக்கியை ஒருமுறை திறந்து மூடினாலன்றி மீண்டும் ஏற்ற முடியாது. இதைப் பழுதென்று எண்ணிப் பலவந்தம் செய்வோர் உண்டு. தோட்டாவின் விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் .22 வகைக்கும் நடுவில் அடிபட்டு வெடிக்கும் பிற வகைகளுக்கும் அத்துப்பாக்கியில் தனித்தனி ஊசிகள் இருப்பதால், குழலோடு ஊசித் தேர்வையும் மாற்ற மறக்கலாகாது.

தொலைநோக்கி குழலின்மேலேயே பொருத்தப்படுவதால், ஒருமுறை சரிசெய்த குறி குழலைக் கழற்றி மீண்டும் மாட்டினாலும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒரே தொலைநோக்கியைக் குழலுக்குக் குழல் மாற்றிச் சிக்கனம் காண்பது இவ்வமைப்பின் சிறந்த பயனையே இழப்பதாகும். எனினும் குறி விலகும்போது வேட்டைக்காரர்கள் தொலைநோக்கியைச் சந்தேகிக்கும் அளவுக்கு முன்கட்டையைச் சந்தேகிப்பதில்லை. முன்கட்டை குழலோடு திருகப்பட்டிருப்பதால் திருகின் இறுக்கம் கூடினாலும் குறைந்தாலும் குழலின்மேல் விழும் அழுத்தம் மாறி, குண்டு படும் இடமும் நகர்கிறது. எனவே ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இறுக்குவதும், வேட்டைக்கு முன் இலக்குப் பலகையில் சுட்டுப் பார்ப்பதும் இன்றியமையாதவை.

கைத்துப்பாக்கியாகவும் தோள் துப்பாக்கியாகவும் ஒரே சட்டகத்தைப் பயன்படுத்துவோர் சட்டத்தையும் கருதவேண்டும். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலும் தோள்கட்டையும் சேர்ந்த ரைபிளை, 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் பதிவுக்கும் வரிக்கும் உட்படுத்தியது. கன்டெண்டர் தொகுப்பைப் பற்றிய வழக்கே 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஆகையால் தோள் துப்பாக்கியாக மாற்றும்போது முதலில் நீண்ட குழலையும் பிறகே தோள்கட்டையையும் மாட்டுவதும், திரும்ப மாற்றும்போது முதலில் தோள்கட்டையைக் கழற்றுவதும் நிலைபெற்ற வழக்கமாயிற்று.

மிகக் கொடிய விபத்து தோட்டாக் கலப்பிலிருந்தே எழுகிறது. 20 போர் தோட்டா ஒன்று 12 போர் குழலில் தவறி விழுந்தால், அறையைக் கடந்து சென்று முன்னே சிக்கிக்கொள்ளும்; அறை காலியாகத் தெரிவதால் அதன் பின்னே 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துச் சிதறும். 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது இதனால்தான். .223 குழலில் .300 பிளாக்அவுட் தோட்டா அமர்ந்துவிடுவதும் இதற்கு இணையான கேடு. குழல்களை மாற்றிப் பயன்படுத்துவோர் ஒரு வேட்டைக்கு ஒரு குழலுக்குரிய தோட்டாவை மட்டுமே எடுத்துச் செல்வதும், சட்டைப் பைகளையும் தோட்டாப் பட்டையையும் முன்னதாகவே காலி செய்வதும், குழலில் பொறித்த அளவைத் தோட்டாவின் அடியில் பொறித்த அளவோடு ஒப்பிடுவதும் விட்டுக்கொடுக்க இயலாத ஒழுங்குகள்.

வாய்வழி மருந்து கெட்டிக்கும் குழலுக்கு மட்டும் கூடுதல் கவனிப்பு உண்டு. கரும்மருந்தின் எச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரைவில் துருவை உண்டாக்குவதால், சுட்ட அன்றே குழலைச் சட்டகத்திலிருந்து பிரித்து, பின்முனை அடைப்பைத் திருகிக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரால் கழுவி உலர்த்தி எண்ணெய் இடவேண்டும். அந்த எச்சம் சட்டகத்தின் முகப்பிலும் ஊசித் துளையைச் சுற்றியும் படிவதால், அடுத்த குழலை மாட்டுமுன் அப்பகுதியையும் துடைத்தாக வேண்டும்.