சொந்த ஜெட் விமானம்: ஆசையும் விலையும்

பின்வரும் கட்டுரையை வாசித்திடுக.

பண்டமாரானில் வசிக்கும் ஒரு குடும்பம் பள்ளி விடுமுறையில் லங்காவிக்குச் செல்லத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். காரில் சென்றால் கோலப் பெர்லிசை அடையவே ஏறத்தாழ ஆறு மணி நேரமாகும். அதன் பிறகு படகில் கடலைக் கடக்க வேண்டும். விமானத்தில் பறக்கும் நேரம் ஒரு மணிதான். ஆனால், விமான நிலையத்திற்கு முன்கூட்டியே சென்று பெட்டிகளைப் பதிந்து, வரிசையில் நிற்க வேண்டும். புறப்படும் நேரத்தையும் நாம் முடிவு செய்ய முடியாது. நாம் விரும்பிய நேரத்தில் நாமே ஓட்டிச் செல்ல ஒரு விமானம் இருந்தால் எப்படி இருக்கும்? இந்த ஆசையை நிறைவேற்றவே சிறிய ஜெட் விமானங்கள் உருவாக்கப்பட்டன.

இத்தகைய விமானத்தை ஒரே விமானி ஓட்டலாம். பெரும்பாலும் நான்கு முதல் ஏழு பேர் வரை இதில் பயணம் செய்யலாம். பறக்கும் பயிற்சிக்குப் பயன்படும் சிறிய சுழல்விசிறி விமானம் மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். சிறிய ஜெட் விமானமோ மணிக்கு 550 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். இவ்வேகத்தில் சென்றால் சுபாங்கிலிருந்து லங்காவியை ஒரு மணி நேரத்திற்குள் அடைந்துவிடலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் விமானங்களின் மையமாகச் சுபாங் விளங்குகிறது. 1965ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்நிலையம் பல்லாண்டுகள் நாட்டின் முதன்மை விமான நிலையமாக இருந்தது. 1998ஆம் ஆண்டு சிப்பாங்கில் புதிய நிலையம் திறக்கப்பட்ட பிறகு, சுபாங் சிறு விமானங்களுக்கும் தனியார் விமானங்களுக்கும் உரிய இடமாயிற்று. பயணிகளை ஏற்றிச் செல்லும் வணிக ஜெட் விமானங்கள் 2024 ஆகஸ்டு மாதத்தில்தான் அங்கு மீண்டும் வரத் தொடங்கின.

'எல்லாரும் வாங்கக்கூடிய ஜெட்' என்னும் கனவு அமெரிக்காவில் ஒரு முறை பெரிய அளவில் முயன்று பார்க்கப்பட்டது. எக்லிப்ஸ் என்னும் நிறுவனம், இரண்டு இயந்திரங்கள் கொண்ட ஒரு ஜெட் விமானத்தை ஒரு மில்லியன் டாலருக்கும் குறைவாகத் தருவதாக 2000ஆம் ஆண்டுவாக்கில் அறிவித்தது. கார்களைப் போல ஆயிரக்கணக்கில் தயாரித்தால் ஒவ்வொன்றின் விலையும் குறையும் என்பதே அதன் கணக்கு. ஆனால், முதலில் தேர்ந்தெடுத்த இயந்திரம் பொருந்தாமல் போனதால் வேறு இயந்திரத்திற்கு மாற வேண்டியதாயிற்று. வேலை தாமதமானது, செலவு பெருகியது, விலையும் இரண்டு மில்லியன் டாலரைத் தாண்டியது. 2006ஆம் ஆண்டு பறப்பதற்கான சான்றிதழ் கிடைத்தும், ஏறத்தாழ 260 விமானங்களே கட்டப்பட்ட நிலையில் 2008 நவம்பரில் நிறுவனம் நொடித்துப்போனது. மலிவான விலையை அறிவிப்பது எளிது. அந்த விலையில் செய்து கொடுப்பது கடினம் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

அதன் பிறகு வந்தவை மலிவைவிட எளிமையையும் பாதுகாப்பையும் முன்னிறுத்தின. 2015 டிசம்பரில் அமெரிக்காவில் சான்றிதழ் பெற்ற ஹோண்டாஜெட், இயந்திரங்களை இறக்கைகளுக்கு மேலே பொருத்தியிருப்பதால் தனித்துத் தெரிகிறது. தொடக்கத்தில் அதன் விலை ஏறத்தாழ 4.5 மில்லியன் டாலர். அடுத்த ஆண்டு சிர்ரஸ் நிறுவனத்தின் விஷன் ஜெட் சான்றிதழ் பெற்றது. அதற்கு ஒரே இயந்திரம்தான். அந்த இயந்திரம் நின்றுபோனால், விமானம் முழுவதையும் தாங்கிக் கீழிறக்கும் பெரிய வான்குடை ஒன்று அதில் உண்டு. 2020ஆம் ஆண்டில் மற்றொரு வசதியும் சேர்ந்தது. விமானி மயங்கி விழுந்தால், பயணி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்; விமானம் தானே அருகிலுள்ள தகுந்த நிலையத்தைத் தேர்ந்து தரையிறங்கும். ஓட்டுபவர் இல்லாமல் செல்லும் வானூர்தியைப் பற்றிப் புறநானூறு கூறுவதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

விஷன் ஜெட் முதலில் ஏறத்தாழ இரண்டு மில்லியன் டாலருக்கு விற்கப்பட்டது. இன்று அதன் விலை மூன்று மில்லியன் டாலருக்கும் மேல். ஒரு டாலருக்கு நான்கு ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், மூன்று மில்லியன் டாலர் என்பது 12 மில்லியன் ரிங்கிட். நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அச்சம்பளம் பெறும் ஒருவர் ஒரு சென் கூடச் செலவு செய்யாமல் சேமித்தாலும், இவ்விமானத்தை வாங்க ஏறத்தாழ 588 ஆண்டுகள் ஆகும். ஜெட் விமானங்களில் இது விலை குறைந்த வகை என்பதையும் மறந்துவிடக்கூடாது.

விமானத்தை வாங்கியதோடு செலவு முடிவதில்லை. ஒரு மணி நேரம் பறக்க இருநூறு லிட்டருக்கும் மேல் எரிபொருள் வேண்டும். அது ஒரு சிறிய காரின் தொட்டியை ஐந்து முறை நிரப்பும் அளவாகும். விமானத்தை நிறுத்தி வைக்கும் கொட்டகைக்கு வாடகை, காப்புறுதி, குறித்த காலத்தில் செய்ய வேண்டிய பராமரிப்பு ஆகியவையும் உண்டு. விமானம் பறக்காமல் நின்றாலும் இவற்றுள் பல செலவுகள் நிற்பதில்லை. அதனால்தான், வசதி உள்ளவர்களிலும் பலர் தேவைப்படும்போது மட்டும் விமானத்தை வாடகைக்கு எடுக்கின்றனர். சிலர் கூட்டாகச் சேர்ந்து வாங்குகின்றனர்.

பணத்தால் வாங்க முடியாத ஒன்றும் இதில் உண்டு. அதுவே தகுதி. பன்னாட்டு விதிமுறைப்படி, தனியார் விமானி உரிமம் பெறக் குறைந்தது 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். பொதுவாக 40 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். மேகத்திற்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தனிப் பயிற்சி வேண்டும். ஜெட் விமானத்தை ஓட்ட, அந்த வகை விமானத்திற்கென்றே தனித் தேர்ச்சியும் தேவை. விஷன் ஜெட் 31,000 அடி உயரம் வரை பறக்கும். ஆனால், நம் நாட்டில் பிற்பகலில் திரளும் இடிமேகங்கள் அதைவிட உயரமாகவும் வளரும். சுற்றிச் செல்வதா, காத்திருப்பதா, பயணத்தையே தள்ளிவைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர் விமானிதான். விமானத்தின் சொந்தக்காரரே விமானியாகவும் இருக்கும்போது, 'இன்று போக வேண்டாம்' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் மன உறுதி அவருக்கு இன்றியமையாதது.

சிறு தவறுக்கும் வானில் எவ்வளவு பெரிய விலை கொடுக்க நேரும் என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் அறிவர். 2023 ஆகஸ்டு 17ஆம் நாள், லங்காவியிலிருந்து சுபாங்கை நோக்கி வந்த சிறிய ஜெட் விமானம் ஒன்று ஷா ஆலாம் எல்மினா பகுதியில் சாலையின்மேல் விழுந்து நொறுங்கியது. விமானத்திலிருந்த எண்மரும் சாலையில் சென்றுகொண்டிருந்த இருவரும் உயிரிழந்தனர். தரையைத் தொட்ட பிறகே எழ வேண்டிய இறக்கைத் தகடுகள், வானிலேயே தவறுதலாக எழுப்பப்பட்டன என்பது விசாரணையில் தெரியவந்தது. அவ்விமானத்தில் இரு விமானிகள் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. வானில் பறப்பவரின் பொறுப்பு, கீழே சாலையில் செல்பவரின் உயிரையும் உள்ளடக்கியது.

பறக்க வேண்டும் என்னும் ஆசை தவறானதன்று. அந்த ஆசையை நிறைவேற்றச் சொந்தமாக ஜெட் விமானம் வைத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. விமானி, விமானப் பொறியாளர், பராமரிப்பு வல்லுநர், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என வானை நோக்கிச் செல்லும் வழிகள் பல. அவ்வழிகளில் செல்ல விரும்புவோர் கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் இன்றே கவனம் செலுத்த வேண்டும். ஜெட் விமானத்தின் விலை பணக்காரரைத் தேர்ந்தெடுக்கலாம். பாதுகாப்பாகத் தரையிறங்கும் திறனோ பயிற்சியும் பொறுப்பும் உள்ளவரிடமே இருக்கும்.

அருஞ்சொற்பொருள்

வான்குடை – வானிலிருந்து மெல்லக் கீழிறங்க உதவும் பெரிய துணிக்குடை
நொடித்துப்போதல் – கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையை அடைதல்
உரிமம் – ஒரு செயலைச் செய்வதற்குச் சட்டப்படி வழங்கப்படும் அனுமதி
காப்புறுதி – இழப்பு நேரும்போது ஈடு பெறுவதற்கான ஏற்பாடு

கருத்துணர் கேள்விகள்

1. சிறிய ஜெட் விமானங்கள் எந்தத் தேவையை நிறைவேற்ற உருவாக்கப்பட்டன?
2. எக்லிப்ஸ் நிறுவனம் தன் விமானத்தை மலிவாக விற்க முடியாமல் போனதற்கான காரணங்களை எழுதுக.
3. 'விமானம் பறக்காமல் நின்றாலும் செலவு நிற்பதில்லை.' இக்கூற்றைச் சான்றுடன் விளக்குக.
4. சொந்தக்காரரே விமானியாக இருப்பதால் ஏற்படக்கூடிய நன்மை ஒன்றையும் ஆபத்து ஒன்றையும் ஊகித்து எழுதுக.
5. தானே தரையிறங்கும் வசதி வந்துவிட்டதால் விமானிக்குப் பயிற்சி தேவையில்லை என்று ஒருவர் கூறுகிறார். உமது கருத்தைத் தக்க காரணங்களுடன் எழுதுக.